மறைநூல் வாசிப்புக்கு மனமும் மனையும் ஆயத்தமாதல்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவை ஒட்டிப் பனித்திட்டில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாள்தோறும் விவிலியம் வாசிப்பதற்கு ஒருவர் தம்மை எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பது எனக்கு அளிக்கப்பெற்ற பொருள். கல்விச் சங்கத்தின் விழாவில் இப்பொருள் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இங்கே கூடியிருப்போர் எல்லாரும் கிறிஸ்தவர் அல்லர் என்பதையும் யான் அறிவேன். ஆயினும் ஒரு நூலை நாள்தோறும் எடுத்து, பொருள் உணர்ந்து வாசித்து, அதன்படி ஒழுக முயல்வது கல்வியின் தலையாய பயனாகும். அந்நூல் எதுவாயினும், வாசிப்பவர் எச்சமயத்தவராயினும், ஆயத்தம் என்பது ஒன்றேயாகும். ஆகவே கிறிஸ்தவரல்லாத அன்பர்களும் இவ்வுரையைத் தமக்கு அயலானதாகக் கருதாமல் கேட்கும்படி வேண்டுகிறேன்.

ஆயத்தம் என்னும் சொல்லின் பொருளைக் கடற்கரை ஊரினராகிய உங்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. வலையைக் கரையில் இருக்கும்போதே பழுதுபார்க்க வேண்டும். கடலுக்குள் சென்றபின் அறுந்த கண்ணியை எண்ணி வருந்துவதால் பயனில்லை. இயேசு பெருமான் யாக்கோபையும் யோவானையும் அழைத்தபோது அவர்கள் படகிலிருந்து வலைகளைச் சீர்செய்துகொண்டிருந்தனர் என்று மாற்கு எழுதுகிறார். உழவுத் தொழிலிலும் அவ்வாறே. உழுது, பரம்படித்து, வரப்பை ஒழுங்குசெய்த பின்னரே நாற்று நடுகிறோம். பாகூர்ப் பகுதியின் வயல்களில் தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் நின்ற கால்கள் நம்முடையவை. விதைப்பதற்கு முன் செய்யும் வேலைதான் விளைச்சலின் பெரும்பகுதி என்பது நாம் நூலில் கற்று அறிந்ததன்று.

நிற்க. மறைநூல் வாசிப்புக்கு இம்மண்ணில் முற்காலத்தில் எத்தகைய ஆயத்தம் செய்யப்பட்டது என்பதை முதலில் நோக்குவோம். நமக்கு அண்மையிலுள்ள பாகூரில், 9-ஆம் நூற்றாண்டில் ஒரு வித்தியாஸ்தானம், அதாவது கல்லூரி, நடைபெற்றது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில் அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. வேதங்களையும் அவற்றைச் சார்ந்த கலைகளையும் கற்பாரும் கற்பிப்பாரும் உணவுக்குக் கவலையின்றி அப்பணியிலேயே இருத்தற்பொருட்டு மூன்று ஊர்களின் வருவாய் ஒதுக்கப்பட்டது. நம் வட்டாரத்தின் பெருமைகளுள் ஒன்றாக இதனை வரலாற்றாசிரியர்கள் போற்றுகின்றனர், போற்றத்தக்கதே. ஆயின் நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. அம்மூன்று ஊர்களின் நிலங்களில் ஏர் பிடித்தவர் யார்? நாற்று நட்டவர் யார்? அவர்தம் மக்களுள் எவரேனும் அக்கல்லூரியின் வாயிலைக் கடந்திருக்கக்கூடுமா? வேதம் ஓதுதல் பிறப்பால் சிலர்க்கே உரியது என்று விதித்திருந்த காலம் அது. ஒருவர் நாள்தோறும் மறை ஓதுவதற்கு வேறொருவர் நாள்தோறும் வயலில் உழைக்க வேண்டும் என்பதே அன்றைய ஏற்பாடாக இருந்தது.

பிற்காலத்தில் கிறிஸ்தவ மறை இக்கரைக்கு வந்தது. எல்லாரையும் ஒரே தந்தையின் மக்கள் என்று கூறும் மறை அது. ஆயினும் சுவர் உடனே இடிந்துவிடவில்லை. இடியாததோடு கோயிலுக்குள்ளேயே ஒரு சுவர் எழுந்தது. 1745-ஆம் ஆண்டில் புதுச்சேரிச் சம்பா கோயிலின் உள்ளே சேரிக் கிறிஸ்தவர்களைப் பிரித்து நிறுத்த ஒரு சுவர் இருந்ததையும், அவர்கள் குருவானவரிடம் சென்று முறையிட்டதையும், அச்சுவர் இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்துள்ளார். நம் முன்னோர் கேட்டுப் பெற்ற உரிமை அது. பிறர் இரங்கி அளித்ததாக அதனைக் கருதுதல் தவறு.

இனி, நம் பொருளுக்கு மிகவும் நெருங்கிய ஒருவரைக் கூறுகிறேன். ஜெர்மானியராகிய சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1714-இல் நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் பணியும், 1715-இல் எஞ்சிய பகுதியும் அங்கேயே அச்சாயின. இந்திய மொழிகளுள் முதன்முதலாகப் புதிய ஏற்பாடு அச்சேறியது தமிழில்தான். அந்நூற்படி ஒன்று தஞ்சை அரசரின் படையில் பணிபுரிந்த இராசநாயக்கன் என்பவரின் கைக்கு எட்டியது. அவர் பறையர் குலத்தில் பிறந்தவர், கத்தோலிக்கக் குடும்பத்தினர். எழுத்தறிவு அவர் பிறந்த தெருவில் எளிதில் கிடைக்கும் பொருளாக இல்லாத காலத்திலே அவர் எழுத்தறிந்தவராயிருந்தார். நூல் வந்தபோது கண் ஆயத்தமாயிருந்தது, உள்ளமும் ஆயத்தமாயிருந்தது. அவ்வாசிப்பு அவர் வாழ்வையே திருப்பிவிட்டது. தரங்கம்பாடி லுத்தரன் சபையில் சேர்ந்து, உபதேசியாராகி, 1771-இல் மறையும் வரையில் தஞ்சை நாட்டில் பிறர்க்கு மறையை ஓதி விளக்கினார்.

அவர் வரலாற்றின் மற்றொரு பகுதியையும் மறைத்தல் ஆகாது. தமிழர் ஒருவரைக் குருவாகத் திருநிலைப்படுத்த வேண்டிய நிலை வந்தபோது இராசநாயக்கனின் பெயரும் எண்ணப்பட்டது. ஆனால் அவர் கையிலிருந்து திருவிருந்தைப் பெற உயர்சாதிக் கிறிஸ்தவர் இசையமாட்டார் என்று தயங்கினர். 1741-இல் தியோகு என்பவர் குருவானார். இராசநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார். மறையை அறிந்திருந்தும், பிறப்பு குறுக்கே நின்றது. ஆயினும் அவர் வாசிப்பை விட்டாரில்லை, கற்பித்தலையும் விட்டாரில்லை. பதவி மறுக்கப்பட்டவரிடத்தில் நூல் எஞ்சியிருந்தது. அதனை அவரிடமிருந்து எவராலும் பறிக்க இயலவில்லை. நம் சங்கம் கற்பிக்க விழையும் பாடம் இதுவேயன்றோ?

இன்றைய நிலைக்கு வருவோம். கத்தோலிக்க இல்லங்களில் முற்காலத்தில் செபமாலையும் செபப் புத்தகமும் இருந்தன. விவிலியத்தை வீட்டில் நாள்தோறும் வாசிக்கும் வழக்கம் பரவலாக இல்லை. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 நவம்பர் 18-இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டில், மறைநூல் எல்லா விசுவாசிகளுக்கும் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்றும், அவர்கள் அதனை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்றும், வாசிப்போடு செபமும் இணைந்திருக்க வேண்டும் என்றும் கூறியது. 1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம் என்னும் பெயரோடு வெளிவந்தது. ஆகவே, மூன்று ஊர் மானியம் இன்றியே நூல் இன்று நம் கைக்கு வந்துவிட்டது.

வந்த நூல் என்ன ஆயிற்று? பல இல்லங்களில் திருமணத்தின்போது பரிசாக வந்த வேதாகமம், வெள்ளைத் துணியில் பொதிந்து, மாடத்தில் குடும்ப அட்டையோடும் நிலப்பத்திரத்தோடும் பத்திரமாக இருக்கிறது. அதனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், திறப்பதில்லை. யூதா நாட்டில் யோசியா அரசர் காலத்தில் மறைநூல் தொலைந்துபோயிற்றாம். எங்கே தொலைந்தது? கோயிலுக்குள்ளேயே தொலைந்து கிடந்தது! கட்டடத்தைப் பழுதுபார்க்கையில் தலைமைக் குரு அதனைக் கண்டெடுத்தார். எழுத்தர் அரசருக்கு வாசித்துக் காட்டினார். அதன் பொருளை அறிய அவர்கள் நாடிச் சென்றது உல்தா என்னும் பெண்மணியை. மதிப்போடு வைக்கப்பட்ட இடத்திலேயே நூல் தொலையக்கூடும் என்பதற்கும், அதன் பொருளைச் சொல்லத்தக்கவர் ஒரு பெண்ணாகவும் இருக்கக்கூடும் என்பதற்கும் அரசர்கள் நூல் தரும் சான்று இது.

ஆகவே, துணியை அவிழ்ப்பதே முதல் ஆயத்தம். அதற்குமேல் செய்ய வேண்டுவனவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கூறுகிறேன்.

முதலாவது, எழுத்தின் ஆயத்தம். மனத்தை ஒருமுகப்படுத்துவது எப்படி என்று கூறும் நூல்கள் பல. அவை எல்லாம் வாசிப்பவர்க்கு எழுத்துத் தெரியும் என்று கொண்டு தொடங்குகின்றன. நம் தெருக்களில் அவ்வாறு கொள்ளுதல் இயலாது. வயது முதிர்ந்தோரில், சிறப்பாக நம் தாய்மார்களில், எழுத்தறியாதார் இன்னும் உளர். வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்ற வயதில் அவர்களைப் பள்ளிக்கு அனுப்புவார் இல்லை. அவர்களுக்கு வாசிப்பு என்பது கேட்டல். ஆகவே, ஒவ்வோர் இல்லத்திலும் ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்கும் முறை வேண்டும். பள்ளி செல்லும் பிள்ளை பாட்டிக்கு வாசிக்கட்டும். அப்பிள்ளைக்கு இரண்டு அறிவுரைகள்: விரைந்து வாசித்தல் கூடாது, பாட்டி ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் நகைத்தல் கூடாது. பெரியவர்களுக்கும் ஓர் அறிவுரை: பிள்ளை தடுமாறினால் அதட்டுதல் கூடாது. வாசிக்கும்போது தலையில் குட்டு வாங்கிய பிள்ளை, வளர்ந்தபின் நூலைக் கண்டாலே ஒதுங்கிச் செல்லும்.

வேதாகமத்தின் மொழி கடினம் என்பார் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் வடசொற்கள் மிகுதி. புதியதில் தூய தமிழ்ச் சொற்கள் மிகுதி. இரண்டிலும் நம் வீட்டில் வழங்காத சொற்கள் உள. இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, புரியாத சொல்லை எழுதி, ஆசிரியரிடமோ குருவானவரிடமோ கேட்டறிக. எத்தியோப்பிய அரசியின் நிதி அமைச்சர் தேரில் அமர்ந்து எசாயாவின் நூலை வாசித்துச் சென்றார். பொருள் விளங்குகிறதா என்று பிலிப்பு வினவியபோது, எவரேனும் விளக்காவிடில் எவ்வாறு விளங்கும் என்று அவர் தயங்காமல் மறுமொழி கூறினார். கருவூலத்துக்கே தலைவராயிருந்தவர் கேட்க நாணவில்லை. நாம் ஏன் நாண வேண்டும்?

இரண்டாவது, நேரமும் இடமும் ஆகிய ஆயத்தம். நம் இல்லங்கள் சிறியவை. ஓர் அறையிலேயே சமையலும் உறக்கமும் நடைபெறும். விடியலில் வேலைக்குச் செல்வார் சிலர். ஆலையில் இரவுப் பணி முடிந்து அவ்வேளையில் திரும்புவார் சிலர். தனியறையும் அமைதியும் கிடைத்தபின் வாசிப்போம் என்றிருந்தால் ஆயுள் கழிந்துவிடும். அண்ணல் அம்பேத்கர் மாணவராயிருந்தபோது, பம்பாய் பரேல் பகுதியில் ஒற்றை அறையில்தான் அவர் குடும்பம் வாழ்ந்தது. முன்னிரவில் உறங்கச் செய்து, பின்னிரவில் மற்றவர் உறங்குகையில் தந்தையார் அவரை எழுப்பிப் படிக்க வைத்தார். கபீர் நெறியினராகிய அத்தந்தை, இல்லத்தில் சமய நூல்களையும் பாடல்களையும் ஓதும் ஒழுங்கையும் தவறாது நடத்தியவர். இடம் குறுகியதாயிருந்தது, ஒழுங்கு குறையவில்லை. ஆகவே உங்கள் வீட்டின் நடைமுறைக்கு ஏற்ப ஒரு வேளையைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும். அவ்வேளையில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் வாய்மூடியிருக்கட்டும். ஒரு பாயை விரித்து, நூலை அதன்மேல் வைத்து, எல்லாரும் சூழ அமர்ந்தால் அதுவே கோயில்.

எங்கிருந்து தொடங்குவது என்பதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியாகும். முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடுவரை வாசித்து முடிப்பதாகச் சூளுரைத்து, வழிமரபுப் பட்டியல்களிலும் பலிச் சட்டங்களிலும் களைத்து நின்றுவிடுவார் பலர். மாற்கு நற்செய்தி நான்கனுள் சிறியது; 16 அதிகாரங்கள் கொண்டது. நாளொன்றுக்கு அரை அதிகாரம் வாசித்தால் ஏறத்தாழ ஒரு மாதத்தில் முடியும். அதன்பின் விடுதலைப் பயணம், ஆமோஸ், திருப்பாடல்கள் என்று செல்லலாம். 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் கிகோ என்னும் துறவி, மறைநூல் பயிற்சியை நான்கு படிகள் கொண்ட ஏணியாக உரைத்தார்: வாசித்தல், சிந்தித்தல், செபித்தல், இறைவனில் ஆழ்ந்திருத்தல். முதற்படியில் நெடுநேரம் ஓடி மற்றப் படிகளை மறப்பதைவிட, சிறு பகுதியை எடுத்து நான்கு படியும் ஏறுதல் நன்று.

மூன்றாவது, மனத்தின் ஆயத்தம். விதைப்பவர் உவமையில் நான்கு வகை நிலங்கள் கூறப்படுகின்றன. வழியோரம், பாறை நிலம், முட்செடிகள் நிறைந்த நிலம், நல்ல நிலம். விதை ஒன்றே, விளைவு வெவ்வேறு. அவ்வுவமையைக் கேட்டதும், நாம் எந்நிலம் என்று ஆராய்ந்து பெருமூச்செறிந்து நிறுத்திவிடுகிறோம். உழவர் அவ்வாறு நிறுத்துவதில்லை. களர் நிலத்தையும் தழையிட்டுத் திருத்திய கைகள் நம்முடையவை. மனமும் திருத்தத்தக்க நிலமே. வாசிக்குமுன் சிறிது நேரம் வாய் பேசாதிருத்தல், அன்று செய்த தவறுகளை எண்ணுதல், எவரோடேனும் பிணக்கு இருப்பின் அதனைத் தீர்க்க மனங்கொள்ளுதல் ஆகியவை அம்மனநிலத்தை உழும் உழவு. காணிக்கை செலுத்த வந்தவன், உடன்பிறந்தான் தன்மேல் குறையுடையவன் என்பதை நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் விட்டுவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்பது பெருமானின் போதனை. பக்கத்து வீட்டோடு குடிநீர்க் குழாயடியில் மூண்ட சண்டை மனத்தில் கனன்றுகொண்டிருக்க, அன்பைப் பற்றிய அதிகாரத்தை வாசித்து என்ன பயன்?

நான்காவது, எச்சரிக்கை என்னும் ஆயத்தம். இதனைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். ஏனெனில் மறைநூலே நமக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டதுண்டு. அடிமைகள் தம் தலைவர்க்குப் பணிய வேண்டும் என்ற வரிகளை மட்டும் எடுத்து ஓதி, அமெரிக்கத் தோட்டங்களில் கறுப்பின மக்களை அடக்கினர். அதே நூலில், எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளின் கூக்குரலைக் கடவுள் கேட்டு இறங்கி வந்த வரலாற்றை அம்மக்களே கண்டெடுத்து விடுதலை கண்டனர். வைக்கோல் தராமலே முன்போல் அதே எண்ணிக்கையில் செங்கல் அறுக்க வேண்டும் என்று பார்வோன் கட்டளையிட்ட பகுதியை, முன்பணம் வாங்கிக்கொண்டு சூளையில் குடும்பத்தோடு கல் அறுத்த ஒருவர் வாசித்தால், பெரும் பண்டிதர்க்கும் தோன்றாத பொருள் அவருக்குத் தோன்றும். நம் உழைப்பும் நாம் பட்ட அல்லலும் நமக்கு அமைந்த உரைநூல்கள். அவற்றை வாயிற்படியிலே கழற்றி வைத்துவிட்டு வாசிக்க அமர வேண்டியதில்லை, கையிலேந்தியே அமர்க.

எனவே ஒரு வரியை எடுத்தால், இது யார் கூறியது, யாருக்குக் கூறியது, எந்நிலையில் கூறியது, முன்னும் பின்னும் என்ன உளது என்று ஆராய வேண்டும். பெரேயா நகரத்தார், பவுல் கூறியதையும் உடனே ஏற்றுக்கொள்ளாமல், அது மெய்யோ என்று நாள்தோறும் மறைநூலை ஆய்ந்தனர் என்று திருத்தூதர் பணி அவர்களைப் புகழ்கிறது. நாள்தோறும் வாசித்தல் என்பதன் நோக்கமே இதுதான். பிறர் நமக்கு ஓதுவதைச் சீர்தூக்கிப் பார்க்க வல்லவராதல்! கண்ணை மூடிக்கொண்டு ஏட்டைப் புரட்டி, விரல் பட்ட வரியைக் குறியாகக் கொள்ளும் வழக்கத்தையும் விட வேண்டும். மறைநூல் சோதிடச் சுவடியன்று. அயலார்மேல் வீசுவதற்கு ஒரு வரியைத் தேடுவதும் வாசிப்பன்று.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியதை நீங்கள் மறந்திருக்க இயலாது. இத்தகைய பேரிடர்களின்போது, மாண்டவர்கள் பாவிகள், இது தண்டனை என்று மறைநூலைக் காட்டிப் பேச முற்படுவோர் எந்நாட்டிலும் உண்டு. ஆயத்தமற்ற வாசிப்பின் கொடுமை அது. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து மாண்ட 18 பேர், எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று பெருமானே தெளிவாக உரைத்துள்ளார். யோபின் நண்பர்கள், அவர் துயரைக் கண்டு ஏழு நாள் வாய் திறவாமல் உடனமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கியபின்பே பிழை செய்தனர். துயருற்றார்முன் நூலைத் திறக்குமுன் மௌனமாக அமரக் கற்றுக்கொள்வதும் ஓர் ஆயத்தமே.

ஐந்தாவது, அஞ்சாமை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்னும் தகுதியை முதலில் இந்துக்களுக்கே உரியதாக்கிற்று. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. புதுவைக்கென 1964-இல் பிறந்த ஆணையும் அவ்வழியையே பின்பற்றிற்று. மதம் மாறியதால் தெருவும் மாறவில்லை, சுடுகாடும் மாறவில்லை. ஆனால் சான்றிதழ் மட்டும் மாறிவிடுகிறது. இதனால் வீட்டில் மறைநூலை உரக்க வாசிக்கவும் தயங்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களைக் குறைகூற நான் வரவில்லை. பிள்ளையின் கல்வி உதவித்தொகை அந்தத் தாளை நம்பியிருக்கிறது. நீதி கேட்கும் போராட்டம் மன்றங்களில் நடைபெற வேண்டும், நடைபெற்றும் வருகிறது. ஆனால் பயந்து பயந்து முணுமுணுக்கும் வாசிப்பில் உள்ளம் நிமிராது. கோயிலுக்குள்ளும் அஞ்சாமை வேண்டும். திருப்பலியில் வாசகம் வாசிக்கும் மேடை சில ஊர்களில் நம் பிள்ளைகளுக்கு எட்டாததாகவே இருந்துவந்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை பாவம் என்பதை வலியுறுத்திற்று. அறிக்கை வழியைக் காட்டும்; அவ்வழியில் நடந்து மேடை ஏறித் தெளிவாக வாசிக்க வல்ல பிள்ளைகளை ஆயத்தம் செய்வது நம் பொறுப்பு. அழைப்பு வரும் நாளில் வாசிக்கத் தெரியாமல் நின்றோமானால், நம்மை விலக்கியவர்க்கு நாமே சாக்குத் தந்தவராவோம்.

இறுதியாக, வாசித்தபின் செய்வதற்கான ஆயத்தம். நெகேமியா நூலில் ஓர் அரிய காட்சி உளது. சிறையிருப்பிலிருந்து மீண்டு வந்த மக்கள் தண்ணீர் வாயிலின் முன் கூடினர். ஆண்களும் பெண்களும், கேட்டறியத்தக்க யாவரும் இருந்தனர். எஸ்ரா வாசிப்பதற்கென்றே மரத்தாலான மேடை முன்னதாகச் செய்துவைக்கப்பட்டிருந்தது. விடியல் முதல் நண்பகல் வரை அவர் வாசித்தார். லேவியர் மக்களிடையே நின்று பொருள் விளங்கச் செய்தனர். மக்கள் கேட்டு அழுதனர். அப்போது அவர்களுக்குக் கூறப்பட்டது யாது? அழ வேண்டாம்; சென்று உண்டு மகிழுங்கள்; ஒன்றும் ஆயத்தம் செய்ய இயலாதவர்க்கும் பங்கு அனுப்புங்கள் என்பதே. வாசிப்பின் முடிவு பங்கிடுதலாயிற்று.

நம் சங்கமும் அத்தகைய மேடை ஒன்றைச் செய்துவைக்கத்தக்கது. ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். மேல்வகுப்பில் பயிலும் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் முறைவைத்து, வாரத்தில் சில மாலைகள், எழுத்தறியாத முதியோரின் இல்லங்களுக்குச் சென்று வாசித்துக் காட்டட்டும். கிறிஸ்தவ இல்லமாயின் விவிலியம்; பிற இல்லமாயின் அவர்கள் விரும்பும் நூல், திருக்குறளோ, அண்ணல் அம்பேத்கரின் எழுத்தோ, அன்றைய நாளிதழோ. இதனால் முதியவர்க்கு நூல் கிடைக்கும். இளையவர்க்குத் தமிழ் நாவில் பழகும். பொருள் புரியாமல் ஒப்பிக்கும் நோய் நம் பிள்ளைகளைப் பிடித்திருக்கிறது. ஒரு மூதாட்டி எதிரே அமர்ந்து, அதற்கு என்னப்பா அர்த்தம் என்று கேட்டால் அந்நோய் விரைவில் நீங்கும். முதியோர் ஒவ்வொருவராய் நம்மைவிட்டு மறைகின்றனர். தாம் வணங்கிய கடவுளின் நூலை ஒருமுறையேனும் முழுதாகக் கேளாமலே அவர்கள் மறைவது, கற்ற தலைமுறையாகிய நமக்குப் பெரும் குறையாகும். அதனை நீக்கும் காலம் நெடிதன்று.

பெண்பிள்ளைகளைப் பெற்ற தாய் தந்தையர்க்கு ஒரு சொல். மகளின் படிப்பைப் பாதியில் நிறுத்துவது அவளுடைய வேலைவாய்ப்பை மட்டும் நிறுத்துவதன்று. நாளை அவள் இல்லத்தில் ஒலிக்க வேண்டிய வாசிப்பையும் நிறுத்துவதாகும். உல்தாவிடம் பொருள் கேட்க அரசவையே சென்றது என்பதை நினைவில் வைப்பீர்களாக.

அன்று பாகூரில் சிலர் ஓதுவதற்கு மூன்று ஊர்கள் வேண்டியிருந்தன. இன்று நம் ஒவ்வோர் இல்லமும் ஓதும் சாலையாவதற்கு வேண்டுவன ஒரு நூல், ஒரு பாய், பத்து நிமிடம், எழுத்தறிந்த ஒரு பிள்ளை. நான்காவதாகக் கூறிய அப்பிள்ளையை ஒவ்வொரு வீட்டுக்கும் ஆயத்தம் செய்து தருவதே நம் சங்கத்தின் பணி. இருபத்தைந்து ஆண்டு நடந்த அப்பணி இனியும் தளர்வின்றி நடைபெறுவதாக.